பழைய செவ்ரோலெட் பிக்கப்பின் வெளி அலங்காரப் பாகங்கள்: அசலை எப்படி இனங்காண்பது?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் வசிக்கும் ஒருவர் 1971ஆம் ஆண்டு செவ்ரோலெட் ஷையான் பிக்கப் ஒன்றை வாங்கிப் புதுப்பித்து வருகிறார். பக்கவாட்டுப் பட்டைகளில் சிலவும் ஓர் எம்ப்ளமும் இல்லை. பழைய உதிரிபாகச் சந்தைகளில் எதை எடுத்தாலும் "அசல், அரிது" என்றே விலை சொல்கிறார்கள். தொழிற்சாலையில் பொருத்திய பாகத்தையும் பின்னாளில் செய்த நகலையும் எப்படிப் பிரித்தறிவது, அரிது என்ற சொல்லை எப்போது நம்பலாம், 1950களின் பிக்கப்களுக்கும் இதே வழிகள் பொருந்துமா என்று கேட்டிருக்கிறார்.

முதலில் பாகத்தைத் திருப்பிப் பிடியுங்கள். வண்டிக்கு வெளியே தெரியும் முகத்தை மெருகேற்றலாம், மறுபடியும் குரோம் பூசலாம், எழுத்துகளுக்குப் புதிதாக வண்ணம் தீட்டலாம்; ஐம்பது ஆண்டுப் பழைய அசலும் போன மாதம் செய்த நகலும் அந்த முகத்தில் ஒன்று போலவே மின்னும். அச்சில் வார்த்த தடயம், பாக எண், திருகுத் தண்டின் வடிவம், கிளிப் உட்கார்ந்த இடத்தின் தேய்மானம், ஓரம் மடிக்கப்பட்ட விதம் எல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கின்றன. அந்தப் பக்கத்தை அழகுபடுத்த யாரும் மெனக்கெடுவதில்லை. பின்பக்கப் படம் அனுப்ப மறுக்கும் விற்பனையாளரிடம் நான் மேற்கொண்டு பேச்சே வைத்துக்கொள்வதில்லை.

அடுத்தது உலோகம். அக்காலப் பிக்கப்களின் வெளி அலங்காரம் பெரும்பாலும் நான்கு வகைப் பொருள்களால் ஆனது: வார்ப்புத் துத்தநாகம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அனோடைஸ் செய்த அலுமினியம், குரோம் பூசிய சாதாரண எஃகு. 1960களில் குரோம் பூசிய பிளாஸ்டிக்கும் சேர்ந்துகொண்டது. எந்த ஆண்டின் எந்தப் பாகம் எந்தப் பொருளால் செய்யப்பட்டது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஏனெனில் நகல் செய்வோர் பெரும்பாலும் வடிவத்தைக் காப்பாற்றிவிட்டுப் பொருளை மாற்றிவிடுகிறார்கள். துத்தநாகத்தில் இருக்க வேண்டிய எம்ப்ளம் கையில் எடுத்தவுடனே இலேசாக இருந்தால், அது பிளாஸ்டிக் நகல் என்று சொல்ல வேறு சோதனை தேவையில்லை.

எம்ப்ளங்களும் எழுத்துகளும் பெரும்பாலும் வார்ப்புத் துத்தநாகம்தான். 1929இல் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் உருவாக்கிய ஸாமக் வகைக் கலவைகளில், துத்தநாகத்தோடு ஏறத்தாழ 4 விழுக்காடு அலுமினியம் சேர்ந்திருக்கும். உருகிய கலவையை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தில் செலுத்தி வார்ப்பார்கள். அதனால் அசல் எம்ப்ளத்தின் பின்புறத்தில், வார்ப்பை அச்சிலிருந்து தள்ளி வெளியேற்றிய ஊசிகளின் வட்டத் தடங்கள் சிறு நாணயம் பதிந்தாற்போல் தெரியும். பாக எண்ணும் சில சமயம் அச்சு எண்ணும் புடைத்த எழுத்துகளாக இருக்கும். செவ்ரோலெட்டின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் உபகரணப் பிரிவான டெர்ன்ஸ்டெட்டின் பெயரையும் சிலவற்றில் காணலாம். முகத்தில் தாமிரம், நிக்கல், குரோம் என்று அடுக்கடுக்காகப் பூசியிருந்தாலும், மின்னோட்டம் சரியாக எட்டாத பின்புறக் குழிகளில் பூச்சு மங்கியே இருக்கும். பொருத்தும் தண்டுகள் பெரும்பாலும் எம்ப்ளத்தோடு சேர்த்தே வார்க்கப்பட்டவை. அவற்றில் மரை இருக்காது. அழுத்தி ஏற்றும் எஃகு நட்டு தானே பள்ளம் வெட்டிக்கொள்ளும். ஒருமுறை வண்டியில் இருந்து கழற்றிய பாகமென்றால் அந்தப் பள்ளம் தண்டில் தெரியும். எஃகிலோ பித்தளையிலோ தனியே மரைத் தண்டு செருகப்பட்டிருந்தால், ஒன்று அது நகல், அல்லது தண்டு முறிந்து பழுதுபார்த்த அசல். இரண்டையும் வேறுபடுத்த, தண்டின் அடிப்பகுதியைச் சுற்றித் துளையிட்ட தடமோ பசையோ இருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள்.

துத்தநாக நகல்களில் ஏமாற்றும் வகை ஒன்று உண்டு. அசல் எம்ப்ளத்தையே மாதிரியாக வைத்து அச்செடுத்து வார்ப்பவை அவை. பின்புறத்துப் பாக எண்கூட அப்படியே பதிந்திருக்கும், ஆகவே எண் இருக்கிறது என்பதை மட்டும் சான்றாகக் கொள்ளக் கூடாது. ஆனால் உருகிய உலோகம் உறையும்போது சுருங்குவதால், மறுவார்ப்பு அசலைவிட இம்மியளவு சிறிதாகிவிடும். ஓர் அடி நீள எம்ப்ளத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறையும். எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருக்கும். மாதிரியாக வைத்த பழைய பாகத்தில் அரிப்புக் குழிகள் இருந்திருந்தால், அவை புதிய குரோமுக்கு அடியில் ஆழமற்ற பள்ளங்களாக அப்படியே நகலெடுக்கப்பட்டிருக்கும். உண்மையான அரிப்பு அப்படி இருக்காது. பூச்சின் நுண்ணிய துளை வழியே ஈரம் புகுந்து, அடியில் துத்தநாகம் வெண்மையாகப் பூத்து, குரோமைக் கொப்புளமாக மேலே தள்ளும். சந்தையில் பலர் ஒதுக்கும் இந்தக் கொப்புளம் எனக்கு ஒரு வகையில் நம்பிக்கை தரும் அடையாளம். அதைச் சரிசெய்யச் செலவு நிறைய ஆகும் என்பது வேறு விஷயம்.

ஸ்டெயின்லெஸ் பட்டைகளில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. காந்தம் ஒட்டினால் அது ஸ்டெயின்லெஸ் அல்ல, எனவே போலி என்று பலரும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். வாகன அலங்காரத்துக்கு அக்காலத்தில் பரவலாகப் பயன்பட்ட 430 வகை ஸ்டெயின்லெஸில் ஏறத்தாழ 17 விழுக்காடு குரோமியம் இருக்கும், நிக்கல் கிட்டத்தட்ட இருக்காது. ஆகவே காந்தம் நன்றாகவே ஒட்டும். சமையலறைப் பாத்திரங்களில் நாம் காணும் 304 வகையில் 8 விழுக்காடு அளவுக்கு நிக்கல் சேர்வதால்தான் காந்தம் ஒட்டுவதில்லை. எனவே காந்தம் அறவே ஒட்டாத பட்டை, பின்னாளில் 304 தகட்டில் செய்த நகலாக இருக்குமோ என்று ஐயப்படுவதே அறிவு. இதையும் தனித்த சான்றாகக் கொள்ள வேண்டாம். அதே வண்டியில் ஐயமில்லாத அசல் பட்டை ஒன்று இருந்தால் அதன் பக்கத்தில் வைத்துச் சோதித்துப் பாருங்கள். பட்டையின் முனைகளையும் கவனியுங்கள். தொழிற்சாலைப் பட்டையின் நுனி அச்சில் அழுத்தி மடிக்கப்பட்டு, கதவு ஓரத்துக்கு ஏற்ற சரிவோடு முடியும். மலிவான நகலில் நீளப் பட்டையை இரம்பத்தால் நேராக அறுத்து, ஓரத்தை அரத்தால் தேய்த்திருப்பார்கள்.

1960களின் இறுதியில் வந்த பிக்கப்களில் பக்கப் பட்டைகளும் கிரில் (முகப்பின் காற்றுச் சட்டம்) பாகங்களும் பெருமளவு அலுமினியத்துக்கு மாறின. கேட்டவரின் வண்டிக்கு இதுதான் முக்கியம். அனோடைஸ் என்பது மேலே பூசும் பூச்சு அன்று. அலுமினியத்தின் மேற்பரப்பையே மின்வேதி முறையில் கடினமான ஆக்சைடு படலமாக மாற்றுவது. அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே ஒரு மல்டிமீட்டரை எடுத்து, இரு முனைகளையும் அழுத்தாமல் பட்டையின் முகத்தில் தொட்டுப் பாருங்கள்: மின்தொடர்பு காட்டவில்லை என்றால் அனோடைஸ் படலம் இருக்கிறது, உடனே காட்டினால், யாரோ படலத்தை நீக்கி வெறும் அலுமினியத்தை மெருகேற்றியிருக்கிறார்கள். வெறும் அலுமினியம் கண்ணாடி போல் பளபளக்கும், ஆனால் ஓரிரு மழைக்காலத்தில் மங்கிவிடும். தெளிவான வார்னிஷ் பூசியிருந்தாலும் மின்தொடர்பு வராது என்பதால், தெரியாத ஒரு மூலையில் தின்னர் தோய்த்த துணியால் தேய்த்துப் பார்ப்பது நல்லது. ஓவன் அடுப்பைச் சுத்தம் செய்யும் காரக் கரைசல் இந்தப் படலத்தைக் கரைத்துவிடும். அழுக்குப் படிந்த அசல் பட்டைகள் பல இப்படித்தான் பாழாகின்றன.

பாக எண்களைப் பற்றி விற்பவரும் வாங்குபவரும் வீணாகச் சண்டையிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஜெனரல் மோட்டார்ஸ் பாகத்தின் பின்புறம் வார்க்கப்பட்டிருக்கும் எண்ணும், உதிரிபாகப் பட்டியலில் அச்சாகியிருக்கும் எண்ணும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வார்ப்பு எண் அந்தத் துண்டைக் குறிக்கும். பட்டியல் எண்ணோ நட்டு, கிளிப், திண்டு எல்லாம் சேர்ந்த தொகுப்பைக் குறிக்கலாம், பின்னர் மாற்றப்பட்டும் இருக்கலாம். எண் பொருந்தவில்லை என்பதற்காக ஒரு பாகத்தை உடனே தள்ளிவிடாதீர்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறுபடும் பாகங்களுக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்கள் இருக்கும். அவற்றில் இரட்டைப்படை எண் வழக்கமாக வலப்பக்கத்துக்கு உரியது. ஃபோர்டின் முறை இதைவிட வெளிப்படையானது. சி7டிபி-8200-ஏ என்று வார்த்திருந்தால், சி என்பது 1960கள், 7 என்பது 1967, அடுத்த எழுத்து டிரக், அதற்கடுத்தது பாடிப் பொறியியல் பிரிவு, 8200 என்பது கிரில். அதே பாகத்தின் கடைப் பொட்டலத்தில் நான்காவது எழுத்து இசட்டாக மாறியிருக்கும். அது முரண்பாடு அன்று, முறையே அப்படித்தான்.

விளக்குக் கண்ணாடிகளில் கைடு என்ற பெயர் இருந்தால் அது ஜெனரல் மோட்டார்ஸின் விளக்குப் பிரிவைக் குறிக்கும். பக்கத்தில் எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர் சங்கம்) என்ற எழுத்துகளும் அவற்றின் பின் ஈரிலக்க எண்ணும் இருக்கும். பலர் அந்த எண்ணைத் தயாரிப்பு ஆண்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது விளக்கு எந்த ஆண்டின் தரவிதிக்கு உட்பட்டது என்பதையே சொல்கிறது. 67 என்று பொறித்த கண்ணாடி 1971ஆம் ஆண்டு வண்டியில் இருப்பதில் வியப்பில்லை.

இனி 1950களுக்கு வருவோம். மேற்சொன்ன சோதனைகள் அங்கும் பொருந்தும், ஆனால் ஆண்டு நுணுக்கம் அதிகம். 1947 கோடையில் அறிமுகமான அட்வான்ஸ் டிசைன் பிக்கப்களில், 1949 வரை பானெட்டின் பக்க எம்ப்ளத்தில் செவ்ரோலெட் பெயருக்குக் கீழே, அரை டன் (சுமைத் திறன் வகை) வண்டியாயின், திரிஃப்ட்மாஸ்டர் என்றிருந்தது. பிறகு அந்த இடத்தில் 3100 போன்ற மாடல் எண்கள் வந்தன. 1953இல் பெரிய எழுத்தில் எண் மட்டும் நின்றது. 1954இல் ஐந்து கிடைப்பட்டைக் கிரில் போய்க் குறுக்குச் சட்டக் கிரில் வந்தது. இதற்கிடையே கொரியப் போரின்போது நிக்கல், தாமிரம் ஆகியவற்றின் மீது அரசு கட்டுப்பாடு வந்ததால், 1951, 1952 மாடல்களில் குரோம் மிக மெல்லியதாகிவிட்டது அல்லது அடியோடு நீங்கி வண்ணப் பூச்சாகிவிட்டது. ஆகவே 1952 பிக்கப்பில் கண்ணைப் பறிக்கும் குரோம் கிரில்லைக் கண்டு "டீலக்ஸ் அசல்" என்று யாராவது சொன்னால், அது பெரும்பாலும் பின்னாளில் மாட்டியது என்றே கொள்ளுங்கள். அந்த ஆண்டுகளுக்கு வண்ணம் பூசிய, மங்கிய பாகமே உண்மைக்கு நெருக்கமானது.

என்னைக் கேட்டால், இந்த வரிசையில் சத்தமில்லாமல் அரிதாகிப்போனது 1955 முதல் தொடரின் பானெட் எம்ப்ளம். 1955 மாடலின் தொடக்கத்தில் பழைய உடலமைப்பே தொடர்ந்தது, ஆனால் பக்க எம்ப்ளம் மட்டும் புது வடிவம் பெற்றது. 1955 மார்ச் 25இல் டாஸ்க் ஃபோர்ஸ் என்ற முற்றிலும் புதிய வண்டி வந்ததும் அந்த எம்ப்ளத்தின் ஆயுள் முடிந்துவிட்டது. சில மாதங்களே பொருத்தப்பட்ட பாகம். சந்தையில் 1954க்கு உரியதாக இதைத் தவறாகப் பெயரிட்டு விற்பதுண்டு, அதனால் தெரிந்தவருக்கு மலிவாகவும் கிடைக்கும்.

டாஸ்க் ஃபோர்ஸ் வண்டிகளில் ஃபெண்டர் (முன் சக்கரத்தை மூடும் பக்கத் தகடு) எம்ப்ளத்தின் இடமே ஆண்டைச் சொல்லிவிடும். 1955 இரண்டாம் தொடரில் அது ஃபெண்டரின் கிடைமடிப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும். 1956இல் கோட்டுக்கு மேலே ஏறியது. 1957இல் நீள்வட்ட வடிவமாயிற்று. ஃபெண்டரின் உட்புறம் கையை விட்டுத் தடவி, அடைக்கப்பட்ட பழைய துளைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தால், வண்டியில் இப்போது இருக்கும் எம்ப்ளம் அதற்கு உரியதா என்று தெரிந்துவிடும். இதே காலத்தின் கேமியோ கேரியர் என்ற செவ்ரோலெட் பிக்கப்பின் பாகங்களுக்குத்தான் அதிக விலை. 1955இல் 5,220, 1956இல் 1,452 என்று குறைவாகவே உற்பத்தியான வண்டி அது, 1958இல் நின்றுபோனது. சரக்குப் பெட்டியின் வெளிப்பக்கம் செவ்ரோலெட்டின் கார்வெட் காரைப் போலவே ஃபைபர் கிளாஸ் பலகையால் ஆனது. பின் பம்பரின் நடுப்பகுதி கீழே திறந்து உபரிச் சக்கரத்தைக் காட்டும். அந்தப் பெட்டி சார்ந்த அலங்காரம் சாதாரண பிக்கப்பில் பொருந்தாது, எனவே உதிரியாகக் கிடைப்பதும் அரிது. ஆனால் கேமியோ என்று சொல்லி விற்கும் எல்லாமே கேமியோவுக்கு மட்டும் உரியவை அல்ல. கேபின் பகுதியின் அலங்காரம் பல, டீலக்ஸ் கேபின் கொண்ட சாதாரண பிக்கப்களிலும் இருந்தது. விலை பேசுமுன் அந்தப் பாகம் பெட்டியைச் சேர்ந்ததா கேபினைச் சேர்ந்ததா என்று கேளுங்கள். ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு பிரிவான ஜி.எம்.சி. தன் பெயரில் விற்ற இதே போன்ற வண்டி இன்னும் குறைவாக வந்ததால், டெயில்கேட்டின் (பெட்டியின் பின்கதவு) அடையாளத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டாட்ஜ் நிறுவனத்தின் 1957 ஸ்வெப்ட்சைட் பிக்கப் இதற்கு நேர்மாறான பாடம். அதன் பின்பக்க இறக்கைகள் அந்நிறுவனத்தின் இரண்டு கதவு ஸ்டேஷன் வேகனில் இருந்து எடுத்துப் பொருத்தப்பட்டவை; ஆகவே பிக்கப் மிக அரிதாக இருந்தாலும், அதன் பின்பக்க அலங்காரத்தைத் தேட வேண்டிய இடம் கார் பாகங்கள் விற்கும் கடை. வண்டி அரிதென்றால் அதிலுள்ள ஒவ்வொரு பாகமும் அரிதாகிவிடுவதில்லை.

கேட்டவரின் 1971 வண்டிக்குத் திரும்புகிறேன். 1967இல் தொடங்கிய இந்தத் தலைமுறையில் உயர்தர அலங்காரத் தொகுப்பின் பெயர் 1970 வரை கஸ்டம் ஸ்போர்ட் டிரக். ஃபெண்டரில் அதன் முதலெழுத்துகளோடு 10 என்ற எண் நிற்கும். 1971இல் ஷையான் அந்த இடத்தைப் பிடித்தது. முகப்பில் 1969, 1970 கிரில்லின் நடுவே செவ்ரோலெட் என்று எழுத்துப் பதித்த அலுமினியப் பட்டை குறுக்கே ஓடும். 1971இல் கட்டம் கட்டமான கிரில்லும் நடுவில் செவ்ரோலெட்டின் சின்னமான போ-டை எம்ப்ளமும் வந்தன, திருப்பத்தைக் காட்டும் விளக்குகள் பம்பருக்கு இறங்கின. முந்தைய ஆண்டுகளின் கிரில்லைத் தூக்கி மாட்டிய 1971 வண்டிகள் நிறைய இருக்கின்றன. பம்பரில் விளக்குக்கான துளை இருந்து கிரில்லிலும் விளக்கு இருந்தால் முகப்பு மாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். பக்கவிளக்குகள் 1968 முதல்தான் வந்தன; அவை இல்லாத முன் ஃபெண்டர் 1967க்கு உரியது.

கையுறைப் பெட்டியின் மூடியின் உட்புறத்தில் ஒட்டிய உதிரிபாக அடையாளத் தாள் தப்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தொழிற்சாலையில் அந்த வண்டிக்குச் சேர்த்த விருப்பத் தொகுப்புகளின் குறியீடுகள் அதில் அச்சாகியிருக்கும். கஸ்டம் ஸ்போர்ட் டிரக், ஷையான் தொகுப்புகளுக்கு இசட்84 என்று இருக்க வேண்டும். தாளில் அந்தக் குறியீடு இல்லாமல் ஃபெண்டரில் மட்டும் ஷையான் எம்ப்ளம் இருந்தால், எம்ப்ளம் அசலாகவே இருக்கலாம், ஆனால் வண்டி ஷையானாக ஆக்கப்பட்டது. விற்பனைச் சந்தையில் இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்புகிறார்கள். கையுறைப் பெட்டி மூடியையே மாற்றிவிடும் வழக்கமும் உண்டு என்பதால், தாளிலுள்ள வாகன எண்ணைக் கதவுத் தூணின் தகட்டோடு ஒப்பிடாமல் விடாதீர்கள்.

பக்கப் பட்டைகளை வாங்கும்போது நீளமே எல்லாம். குட்டைப் பெட்டி ஆறரை அடி, நீளப் பெட்டி எட்டு அடி. கேபின், கதவு, முன் ஃபெண்டர் பட்டைகள் இரண்டுக்கும் பொது, பெட்டியின் பட்டைகள்தாம் மாறும். இவற்றோடு லாங்ஹார்ன் என்ற முக்கால் டன் வண்டியும் இருந்தது. அதன் பெட்டி எட்டரை அடி. எட்டு அடிப் பெட்டியின் முன்புறத்தில் ஆறு அங்குலத் துண்டு ஒன்றைச் சேர்த்து நீட்டியிருப்பார்கள், அந்த இணைப்பு வெளியே தெரியும். அதனால் பின் சக்கர வளைவுக்கு முன்னால் வரும் பட்டை மற்ற வண்டிகளின் பட்டையைவிட நீளமானது. வேலைக்காக வாங்கி உழைத்துத் தேய்ந்த வண்டிகளில் அலங்காரத் தொகுப்போடு வந்தவை குறைவு. ஆகவே சேதமில்லாத லாங்ஹார்ன் முன்பட்டை உண்மையிலேயே அரிது. ஆனால் கேட்டவருடையது அரை டன் வண்டியென்றால் அது அவருக்குப் பயன்படாது. அறுத்துப் பொருத்தினால் இரண்டு வண்டிகளுக்கும் இழப்பு. மர வேலைப்பாட்டுத் தோற்றம் தரும் வினைல் ஒட்டிய பட்டையாக இருந்தால், வினைலின் ஓரத்தைக் கவனியுங்கள்: வெயில் பட்ட முகம் வெளிறி, உலோகப் பள்ளத்துக்குள் மறைந்த ஓரம் பழைய நிறத்திலேயே இருப்பது நல்ல அறிகுறி. முழுதும் ஒரே நிறமாக இருந்தால் வினைல் புதிது. உலோகம் அசலாக இருக்க அது தடையில்லை.

விலை பேசும்போது "அசல்" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வகைகள் ஒளிந்திருக்கின்றன: வண்டியில் இருந்து கழற்றியது, அக்காலத்திலேயே டீலரிடம் உதிரியாக விற்கப் பொட்டலத்தில் வந்து பயன்படாமல் கிடந்தது, நிறுவனத்தின் உரிமம் பெற்றுப் பிற்காலத்தில் செய்யப்பட்ட மறு உற்பத்தி. மூன்றாவது வகையின் பெட்டியிலும் நிறுவனச் சின்னம் இருக்கும், அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் முதலிரண்டின் விலையை அதற்குத் தர வேண்டியதில்லை. பழைய பெட்டிக்குள் புதிய பாகத்தை வைத்து விற்பது எளிது. பாகம் பல்லாண்டுகள் அதே பெட்டியில் அழுந்திக் கிடந்திருந்தால் அட்டையின் உட்புறத்தில் அதன் வடிவம் பதிந்திருக்கும். அதையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கூடவே பின்பக்கம் முழுதும், இரு முனைகள், பாக எண், அளவுகோலைப் பக்கத்தில் கிடத்திய நீளம் ஆகியவற்றின் படங்களும் வேண்டும்.

இப்போதைக்கு எதையும் வாங்காமல், வண்டியில் எஞ்சியிருக்கும் பட்டைகளில் ஒன்றைக் கவனமாகக் கழற்றுங்கள். அது தொழிற்சாலைப் பட்டை என்று மேற்சொன்ன வழிகளில் உறுதியானால், அதன் கிளிப்புகள், ஓர மடிப்பு, தகட்டின் தடிமன், மல்டிமீட்டர் காட்டும் விடை எல்லாவற்றையும் குறித்துவைத்து, இனி வாங்கப்போகும் ஒவ்வொன்றையும் அதனோடு ஒப்பிடுங்கள். கழற்றும்போது கிளிப்பின் திருகு துருப்பிடித்து இறுகியிருந்தால் முன்பக்கத்திலிருந்து நெம்பாதீர்கள். உள்ளிருந்து துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைத்து, நட்டைத் திருப்புங்கள், வரவில்லை என்றால் நட்டை வெட்டிவிடுங்கள். கிளிப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். வளைந்த அலுமினியப் பட்டை மடிப்பு தெரியாமல் நேராவது கடினம்.